பின் சீட்டுக்குக் கீழே ஒரு ஒட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என் காரை ஸ்டார்ட் செய்தேன். தெருவில் படுத்திருந்த மூன்று நாய்களும் எழுந்து ஓடிவிட்டன. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், டிராக்டர் வாங்கிகினியா?" என்றார்.

டிராக்டர் இல்லை. இருபத்தாறு வயதான என் வெள்ளைக் கார்தான். சைலன்ஸர் பைப்பில் விரிசல்.

விரிசல் விட அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லையா? பதினோரு மணிக்குக் காரை விலைக்கு வாங்க ஒருவர் பார்க்க வருகிறார். என் இடது முழங்கால் கிளட்ச்சோடு ஒத்துப்போக மறுத்து ஒரு வருஷம் ஆகிறது. மூன்று மாதமாகச் சொல்லி வைத்து, இப்போதுதான் ஒரு ஆள் மாட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை. திருவள்ளூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் எல்லோரும் ஷட்டரை இறக்கிவிட்டு பிரியாணி வாங்கப் போயிருப்பார்கள்.

"வர்றவர்கிட்ட விஷயத்தச் சொல்லிடுங்க. பைப் மாத்தித் தரேன்னு சொன்னா கேட்டுக்க மாட்டாரா?" என்றாள் மல்லிகா. என் மனைவி. எதையும் நேராகவே யோசிப்பவள், அதனால் அவளோடு குடித்தனம் செய்வது சில சமயம் சிரமம்.

"இந்தச் சத்தத்தக் கேட்டா தெருமுனையிலேயே திரும்பிப் போயிடுவான்" என்றேன்.

சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டால்? ஒரு நாள்... ஒரே ஒரு நாள்! கடம்பத்தூரில் இருக்கும் ஏகாம்பரத்துக்குப் போன் போட்டேன்.

ஏகாம்பரமும் நானும் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர் ஃபர்னஸ், நான் ஸ்டோர்ஸ். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவரை 'ஃபர்னஸ்' என்போம், என்னை 'ஸ்டோர்சு' என்பார்கள். ரிட்டயர் ஆன பிறகும் அவர் நெருப்பை விடவில்லை. சுற்றுவட்டாரத்து டீக்கடை, ஓட்டல் அடுப்புகளுக்கெல்லாம் உள்ளே ஃபயர் க்ளே பூசுவது அவர்தான். உலைக்குப் பூசுகிற அதே மண். கையில் எப்போதும் ஒரு மூட்டை வைத்திருப்பார்.

"ஃபர்னஸ், சைலன்ஸர் விட்டுப்போச்சு. அவசரமா ஒரு இடத்துக்குப் போகணும்" என்றேன்.

கவனித்தீர்களா? கார் விற்கப்போகிறேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

"மறுபடியுமா? இரு ஸ்டோர்சு, நாஷ்டா துன்னுட்டு வண்டி புடிச்சி வரேன்."

ஒன்பதே காலுக்கு ரயிலைவிட்டு இறங்கி, தோளில் பையோடு வந்து நின்றார். காரை ஜாக்கியில் ஏற்றிக் கீழே கோணியை விரித்துப் படுத்தார். பின் சீட்டுக்கு நேர் கீழே விரிசல். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். மண்ணில் ஏதோ பிசின் மாதிரி ஒன்றை ஊற்றிப் பிசைந்து பூசினார். மேலே எண்ணெய் டின்னை வெட்டிச் சுற்றி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு முறுக்கினார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தேன். முழங்கால் வலி மறந்தே போய்விட்டது.

இருபது வருஷத்துக்கு முன்னால் இதே காரில் நாங்கள் நாலு பேர் தினமும் வேலைக்குப் போவோம். ஃபர்னஸ், வெல்டிங், எலக்ட்ரிக்கல், ஓட்டுவதற்கு நான். பெரியபாளையம், ஆரணி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி. ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை, ஆரணியில் டீ, எலக்ட்ரிக்கல் தோளில் சாய்ந்து வெல்டிங் விடும் குறட்டை. வீட்டில் ஆயிரம் பிரச்சினை, கம்பெனியில் ஆயிரத்தொன்று. நடுவில் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் எங்களுடையது. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

அப்போதும் இதே பைப்தான் தகராறு. பழைய பைப்பை எப்போது மாற்றுவது? பொங்கலுக்கு! அதுவரை? நாலு தொழிலாளிகள் இருக்கும் காரில் ரிப்பேருக்கா பஞ்சம்? அவரவர் வேலையை அவரவர் காட்டினார்கள். வெல்டிங் பற்றவைத்தார், துருப்பிடித்த பைப் என்பதால் சுண்டுவிரல் ஓட்டை கட்டைவிரல் ஓட்டையானது. எலக்ட்ரிக்கல் தன் டேப்பைச் சுற்றினார். கம்பெனி கேட் வருவதற்குள் அது உருகி, காருக்குள் உட்கார முடியாத நாற்றம்.

மூன்றாவதாக நான். ஸ்டோர்ஸ்காரன் அல்லவா? எல்லாப் பொருளும் என் அலமாரியில்தானே! தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைக்கிற பசையை எடுத்து வந்து அப்பினேன். சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. இரண்டு நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது கொட்டுகிற ஐப்பசி மழை. கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டார்கள். என் பக்கம் மட்டும் கண்ணாடி முழுசாக ஏறாது. கவரைப்பேட்டை தாண்டியதும் பின் சீட்டில் பேச்சு நின்றுவிட்டது. அசதியில் தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். ஆரணி வருவதற்குள் வெல்டிங் வாந்தி எடுத்தார். எலக்ட்ரிக்கலுக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. "காண்டீன் புளிசோறுதான்" என்றேன் நான்... மேதாவி!

முன் சீட்டில் இருந்த ஃபர்னஸ்தான் இறங்கி, நாலு கதவையும் திறந்து, இரண்டு பேரையும் மழையில் இழுத்து நிறுத்தினார்.

"புளிசோறு இல்ல ஸ்டோர்சு. புகை. உன் பசை கருகி உதுந்துட்சி. அந்தக் கேஸு கீழேர்ந்து சீட்டுக்கு வந்துக்கினு கீது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா தூங்கனவங்க எழுந்திருக்க மாட்டாங்க."

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நனைந்துகொண்டே வந்து என் முதுகைத் தட்டியது யார் தெரியுமா? வாந்தி எடுத்த வெல்டிங்.

மறுநாள் ஃபர்னஸ் தன் மண்ணைப் பூசினார். மற்றதெல்லாம் சூட்டில் உருகும், இது சூட்டில்தான் இறுகும் என்றார். அன்றே எங்கள் காரில் ஒரு சட்டமும் பிறந்தது. ஒட்டுப் போட்டவன் ஒட்டுக்கு மேலேதான் உட்கார வேண்டும். கண்ணாடி இறக்கியே இருக்க வேண்டும். பொங்கல்வரை ஃபர்னஸ் ஜன்னலோர சீட்டு கேட்கவே இல்லை. பின் சீட்டின் நடுவில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தார்.

வெல்டிங் இப்போது இல்லை. எலக்ட்ரிக்கல் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பத்தேகாலுக்கு ஒட்டு முடிந்தது. இருபது நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு மண்ணைச் சுட்டார். புதுக் கார்போல முனகியது வண்டி. எனக்கோ அவரை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும்.

"ட்ரெயினுக்கு நேரமாச்சே ஃபர்னஸ்?"

"நீ எங்கியோ போணும்னியே? நானும் வரேன். ஒட்டுப் போட்டவன் உக்காரணும்ல?"

மல்லிகா காபி டம்ளரை அவரிடம் கொடுத்தாள். என்னைப் பார்த்த பார்வையில் சர்க்கரை இல்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் சதீஷ், அவர் மனைவி, இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. மனைவியின் அம்மா வீடு பள்ளிப்பட்டில். வாராவாரம் பஸ்ஸில் குழந்தையோடு அல்லாட முடியவில்லையாம்.

சதீஷ் பானெட்டைத் திறந்து பார்த்தார். ஸ்டார்ட் செய்தார். காது கொடுத்துக் கேட்டார்.

"வண்டி சூப்பரா கீது சார். பழைய வண்டினு சொல்லவே முடியாது."

அவர் மனைவி பின் கதவைத் திறந்து சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தாள். "நல்லா அகலமா கீதுங்க. பாப்பாவ இதுலயே படுக்க வெச்சிக்கினு போலாம்."

சொல்லிவிடு என்றது மனசு. ஓட்டிப் பார்த்துவிட்டு வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்றது வாய். எத்தனை நொடி இருக்கும்? ஐந்து? பத்து? மழையில் அழுத அதே ஆள்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதை உங்களிடம் எழுதும்போதும் கூசுகிறது.

ஏகாம்பரம் காபி டம்ளரை மதில்மேல் வைத்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் போய்ப் பின் சீட்டின் நடுவில் ஏறி உட்கார்ந்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கினார்.

"தம்பி, நீ ஓட்டிப் பாரு. நான் வரேன். பாப்பா இங்கியே இருக்கட்டும்."

"ஏன் பெரியவரே?" என்றார் சதீஷ்.

"இந்த சீட்டுக்குக் கீழ சைலன்ஸர் பைப்பு உட்டுகினு கீது. காலைலதான் ஒட்டுப் போட்டேன். நாலு நாள் தாங்கும், நாப்பது நாளும் தாங்கும், சொல்ல முடியாது. உட்டுச்சுனா புகை உள்ள வரும். பெரியவங்களுக்கே பேஜாரு, கொழந்தை இன்னா ஆவும்? புது பைப்பு போட்டுட்டுதான் வண்டிய எடுக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சதீஷின் மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"இத்த சொல்லணும்னுதான் சார் நின்னுகினு இருந்தாரு. நான் முந்திகினேன்" என்றார் ஏகாம்பரம்.

சதீஷ் முகம் தெளிந்தது. "பரவாயில்ல சார், பைப் மாத்திக் குடுங்க. நான் எடுத்துக்கறேன். இவ்ளோ வெளிப்படையா யாரு சொல்றாங்க!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சேராத நல்ல பெயர் அது.

செவ்வாய்க்கிழமை புது பைப் போட்டாயிற்று. புதன்கிழமை சதீஷ் வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏகாம்பரத்தை அந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்டேஷன்வரை நடந்தே கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். "தப்பு பண்ணிட்டேன்பா" என்றேன். "காலைலயே சொல்லியிருக்கலாம்ல சார்?" என்றார், அவ்வளவுதான். ரயில் வந்தது, ஏறிக்கொண்டார்.

இருபது வருஷப் பழக்கத்தில் அந்த மனிதர் என்னை 'சார்' என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்... மரியாதைதான் தாங்கவில்லை!