கேட்டில் நின்றவர் சொன்ன ரைஃபிள்

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை கேட்டில் துப்பாக்கியுடன் நின்ற முன்னாள் ராணுவக்காரர், மேனேஜர் பையைக்கூடத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

வெளிநாட்டு மேனேஜர் தன் ஊரில் வேட்டைக்கு வாங்கவிருந்த முதல் ரைஃபிளின் படத்தை அவரிடம் காட்டினார். மேக்னம் என்ற அதிக சக்தியுள்ள ரகம், இருப்பதிலேயே பெரியது. மொழிபெயர்த்தது நான்.

"வேணாம்னு சொல்லும்மா" என்றார் காவலர். "சுடும்போது அது ஒதைக்கிற ஒதையில கண்ண மூடிக்குவாரு. குண்டு தப்பாப் பட்டு மிருகம் துடிச்சிக்கினு கெடக்கும். அதவிடச் சின்ன த்ரீ நாட் எய்ட் ரைஃபிளே போதும், மானுக்கும் சரி, பெரிய கடமானுக்கும் சரி."

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் என் காதருகே, "சூப்பர்னு சொன்னாருன்னு சொல்லு. இல்லன்னா ரெண்டு பேருக்கும் வேல போயிடும்" என்றார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். பொய் சொல்லவா படித்தேன்? ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மேனேஜர் முகம் சிவந்தது.

மறுநாள் காவலரைப் பின்கேட்டுக்கு மாற்றியிருந்தார்கள். சுற்றிக்கொண்டு அந்த வழியாகவே போனேன். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"பையத் தொறம்மா" என்றார்.

முழுசாகத் திறந்து காட்டினேன்.