நாலணா அளவில் ஒரு நிலா

போன ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு அந்தோணி வாசலில் வந்து நின்றார். தலையில் ஈரத் துண்டு. நெற்றி முழுக்கச் சிவப்பு. சுட்ட அப்பளம் மாதிரி அங்கங்கே தோல் உரிந்திருந்தது.

அந்தோணி கல்ஃபில் கிரேன் ஓட்டுகிறவர். வயது முப்பத்திரண்டு. வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. இந்த முறை டேப் ரெக்கார்டரோடு ஒரு சின்னக் குப்பியும் கொண்டுவந்திருந்தார். முடி வளர்க்கிற லோஷனாம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று அதில் எழுதியிருக்கிறது. லீவு குறைச்சல் என்பதால் அந்தோணி அதை ஆறு தடவையாக்கிக்கொண்டார்.

"சேட்டன் பத்திரிகையில எழுதுற ஆளல்லே... இதுக்கு ஒரு மாற்று மருந்து பறயணும்" என்றார்.

இந்த மலையாள ஊரில் ஒரு பழஞ்சொல் உண்டு. அசூயைக்கும் கஷண்டிக்கும் மருந்தில்லை. அதாவது, பொறாமைக்கும் வழுக்கைக்கும் வைத்தியம் கிடையாது. முதலில் சொன்னவர் யாரோ... அவருக்கு இரண்டுமே இருந்திருக்க வேண்டும். அதை அந்தோணியிடம் எடுத்துவிட வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி சரசு உள்ளே இருந்து வந்துவிட்டாள்.

"எல்லாத்தையும் நிறுத்துங்க அந்தோணி. வெறும் பச்சைத் தண்ணி ஊத்துங்க. எரிச்சல் அடங்கலீன்னா டாக்டர்கிட்டப் போங்க. இவருகிட்ட மட்டும் யோசனை கேக்காதீங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு வயது பன்னிரண்டு.

எழுபதுகளின் நடுவில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் எனக்கு வேலை. வந்து இறங்கும் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, கனமா சொத்தையா என்று சொல்ல வேண்டும். படித்தது எட்டாங்கிளாஸ். ஆனால் மிளகு விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு. 'பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்' என்று போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காலம்.

கல்யாணமாகி எட்டு மாதம். சரசு சித்தூர்ப் பக்கத்துப் பெண். பாலக்காட்டுக்குக் கிழக்கே, பேச்சில் கோயமுத்தூர் வாடை வீசும் ஊர். எங்கள் சந்தில் பெண்கள் குளித்துவிட்டு ஈரத் தலையை அவிழ்த்துவிட்டபடி நடப்பார்கள். இவள் மட்டும் ஈரம் காயுமுன்னே இறுக்கிப் பின்னிவிடுவாள். ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். எட்டு மாதமாக!

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்று. காலையெல்லாம் மழை கொட்டி, மத்தியானம் சட்டென்று வெறித்துவிட்டது. எங்கள் ஓட்டு வீட்டின் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அது வழியாக ஒரு கட்டி வெயில் இறங்கும். கிடங்குகளிலிருந்து சுக்கும் மிளகும் கலந்த வாசனை ஈரக்காற்றில் மிதந்து வந்து, வீடே ஏதோ மருந்துக்குள் ஊறிக்கொண்டிருப்பது போல இருந்தது. சரசு பாயில் ஒருக்களித்துத் தூங்கினாள். பின்னல் தளர்ந்திருந்தது. வெயில் நகர்ந்து நகர்ந்து... அவள் தலைமேல் வந்து நின்றது.

உச்சிக்குச் சற்றுப் பின்னால், கருகருவென்ற முடிக்கு நடுவில் ஒரு வட்டம். நாலணாக் காசு அளவு. ஒரு முடி இல்லை. வழவழவென்று, இளம் மஞ்சளில் மின்னியது. இருட்டுக் குளத்தில் நிலா விழுந்து கிடக்கிற மாதிரி.

நான் பயந்ததாக எழுதினால் பொய். அழகாக இருந்தது. விரலால் தொட்டுவிட்டேன்.

விழித்துக்கொண்டாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். விளக்கு ஏற்றத்தான் எழுந்தாள்.

"புழுவெட்டுங்க" என்றாள் கடைசியில். "கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி வந்துச்சு. சொல்ல வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க."

"அதனாலென்ன? எனக்கு ஒண்ணுமில்லை."

"உங்களுக்கு இல்லீங்க. ஆவணியில செல்வி கல்யாணமல்ல?"

செல்வி அவள் தங்கை. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை கிணற்றடியில் பலகை போட்டு, பெண்ணின் அக்காவை உட்காரவைத்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவள் தலையை அவிழ்த்து எண்ணெய் வைப்பார்கள். அக்காவுக்கு வைத்த பிறகுதான் கல்யாணப் பெண்ணுக்கு. அத்தனை பேர் விரலும் அந்த வட்டத்தின்மேல் போகும்.

"தலையில நோவு இருக்கற குடும்பம்னு பேசுவாங்க. அவ கல்யாணம் நின்னு போச்சுன்னா... என்னாலதான் நின்னுச்சுன்னு ஆகுமுங்க."

ஆறு வாரம் இருந்தது.

அவளிடம் ஒரு வைத்தியமும் இருந்தது. சின்ன வெங்காயத்தோடு நாலு மிளகும் உப்பும் வைத்துத் தட்டி, துணியில் கட்டி, நான் வேலைக்குப் போன பிறகு லேசாகத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மிளகுக் கிடங்கில் வேலை பார்க்கிறவன் பெண்டாட்டி, நாலு மிளகை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

இங்கேதான் வர்கீஸ் சேட்டன் வருகிறார். ஆலுவாப் பக்கம் மிளகிலிருந்து சத்துப் பிழிகிற ஒரு ஃபாக்டரியில் அவர் ஆள். எங்களிடம் சொத்தை மிளகை வாங்கிப்போக லாரியோடு வருவார். கரும்பச்சையில் தார் மாதிரி இருக்கும் அந்தச் சத்து. ஒரு ஸ்பூன் எடுத்தால் ஒரு குவியல் மிளகுக்குச் சமம் என்பார். எனக்குக் கணக்கு உடனே ஓடியது. நாலு மிளகு ஆறு மாதத்தில் செய்கிறதை இது ஆறு நாளில் செய்யாதா?

"ஒரு சின்னக் குப்பி வேணும் சேட்டா."

"எந்தினா அண்ணாச்சி?"

எதற்கென்று கேட்டால் சரசுவின் ரகசியத்தை எப்படிச் சொல்வது? "கோழிக்கறிக்கு" என்றேன்.

"ஒரு சட்டிக்கு ஒரு துள்ளி மதி" என்று ஒரு விரலைக் காட்டினார். துள்ளி என்றால் சொட்டு, மதி என்றால் போதும். "ரெண்டு துள்ளி இட்டா அயல்வாசிக்கும் எரியும்."

கோழிக்கு ஒரு சொட்டு. தலைக்கு எவ்வளவு? அதை அவரிடம் கேட்க முடியாதே. நானே முடிவு செய்துகொண்டேன்... கால் ஸ்பூன்.

அன்று சாயங்காலம் தேங்காயெண்ணெயில் குழைத்து, கோழி இறகால் தொட்டுப் பூசினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, "சூடா இருக்குங்க" என்றாள்.

அப்போது நான் சொன்னதை இன்றைக்கும் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

"சூடு பிடிச்சாத்தான் வேர் பிடிக்கும்" என்றேன்.

அப்படி ஒரு பழமொழி கிடையாது. அந்த நிமிஷம் என் வாயில் பிறந்தது. ஆனால் எதுகையோடு வந்துவிட்டதே! அவள் நம்பிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு விடிகிற வரை பொறுத்துக்கொண்டாள். எதுகையோடு சொல்லப்படுகிற எதையும் சந்தேகப்படுங்கள் வாசகர்களே. நிறைய மருந்து அப்படித்தான் விற்கிறது.

காலையில் எழுந்தபோது வட்டம் முழுக்கக் கொப்புளம். இமை இரண்டும் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. தலையணையில், வட்டத்தைச் சுற்றியிருந்த நல்ல முடியும் கொத்தாக.

எர்ணாகுளத்துக்குப் போட்டில் போனோம். காயல் மேல் சாம்பல் நிறத் தூறல். தூரத்தில் ஒரு கப்பல், நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் புகைபோல நின்றது. சரசு முக்காட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த அரை மணி நேரம் சீக்கிரம் போயிருக்கும். கரை வரவே வேண்டாம், இப்படியே மிதந்துகொண்டிருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

தோல் டாக்டர் ஒரு அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இது ஆரு செய்த பணி?" என்றார்.

நான் தொண்டையைச் செருமுவதற்குள் சரசு சொன்னாள்: "நான்தானுங்க."

எனக்கு எரிந்தது. அப்போதுதான் எனக்கு முதன்முதலாக எரிந்தது.

"இல்லை டாக்டர். நான்தான். மிளகுச் சத்து."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதான். இனி கை வைக்கண்டா." பிறகு ஒரு லென்ஸை எடுத்து வட்டத்தின் விளிம்பில் வைத்து என்னைக் கூப்பிட்டார். "நோக்கு. இங்க ஒண்ணு... இங்க ரெண்டு. கண்டோ?"

பார்த்தேன். கொப்புளத்துக்கு வெளியே, பூனைக்குட்டியின் காதுமயிர் போல, நிறமே இல்லாத இழைகள் மூன்று நான்கு.

"புழுவெட்டு மிக்கவாறும் தானே வரும். வந்துகொண்டிருந்தது. உங்களுக்குத்தான் க்ஷமை இல்லை." மிக்கவாறும் என்றால் பெரும்பாலும், க்ஷமை என்றால் பொறுமை. "முடி முடின்னு எல்லாரும் முடிய மட்டும் நோக்குறீங்க. அதுக்குக் கீழ இருக்கிறது தோலாணு. முகத்தில பூசாததைத் தலையில எதுக்குப் பூசணும்?"

ஒரு களிம்பு, அரிப்புக்கு மாத்திரை, முடி வரும் வரை அந்த இடத்தில் எண்ணெய் சீயக்காய் எதுவும் படக்கூடாது. அவ்வளவுதான்.

ஆவணி வந்தபோது புண் ஆறியிருந்தது. ஆனால் வட்டம் பழைய அளவில் இல்லை. நாலணா, ஒரு ரூபாய் ஆகியிருந்தது. அதைச் சுற்றிலும் வெளிறிய தோல்.

கிணற்றடிக்கு ஆண்கள் போகக்கூடாது. மதிலுக்கு இந்தப் பக்கம், அடுப்புக்கு விறகு எடுக்கிற சாக்கில் நான் நின்றேன். உள்ளே வளையல் சத்தம், கேலி, ராட்டினம் கிறீச்சிடுகிற ஒலி. மாப்பிள்ளையின் பெரியம்மா குரல் கேட்டது.

"தலைய அவுத்துக்க கண்ணு."

கொஞ்ச நேரம். பிறகு வளையல் நின்றது. ராட்டினமும் நின்றது. என் கையில் ஒரு விறகு இருந்தது... அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"இதென்ன கண்ணு?"

"புழுவெட்டுங்கம்மா." சரசுவின் குரல். நடுங்கவில்லை. "நாலணா அளவுதான் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மிளகுக் கிடங்குல வேலை. மிளகுச் சத்தப் பூசி ஒரு ரூபா ஆக்கிட்டாருங்க. கெட்டிக்காரரு."

எண்ணெய்க் கிண்ணத்தை யாரோ கல்லில் வைக்கிற சத்தம் கேட்டது. அதற்குள் கல்யாணமே ஒரு தடவை நின்று மறுபடி நடந்துவிட்டது என் மனசில்.

"அது பரவால்ல போ" என்றார் பெரியம்மா. "எங்க வீட்டுக்காரரு, எனக்குப் பல்லுவலின்னதும் கிராம்பெண்ணெய்னு நெனச்சு டர்பன்டைன ஊத்துனாரு. இன்னைக்கும் நான் அந்தப் பக்கம் மெல்றதில்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும். இன்னொருத்தி தன் புருஷன் சேற்றுப்புண்ணுக்கு பேட்டரித் தண்ணி வைத்ததைச் சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைத்தியர் இருந்திருக்கிறார்! மதிலுக்கு இந்தப் பக்கம் விறகோடு ஒரு வைத்தியன் நின்றுகொண்டிருந்தான்.

"புண்ணு பட்ட எடத்துல எண்ணெய் ஆகுமா கண்ணு?"

"டாக்டரம்மா வேண்டாம்னாங்க."

"அப்பச் சுத்தி வெக்கறேன். குனி."

ராட்டினம் மறுபடி கிறீச்சிட்டது. செல்வியின் முறை வந்தது.

நாங்கள் கை வைக்கவில்லை. மழை முடிந்து பனி வந்தது. தை மாதத்து ஒரு மத்தியானம், அதே கண்ணாடி ஓட்டு வெயில், அதே பாய். வட்டத்துக்குள் முடி வந்திருந்தது... ஆனால் வெள்ளையாக. பட்டுநூல் மாதிரி. முதலில் அப்படித்தான் வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த வெள்ளைமேல் வெயில் நின்றபோது, நிலா தேய்வதை இவ்வளவு பக்கத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மழைக்குள் அதுவும் கறுத்துவிட்டது. சரசு தலையை அவிழ்த்துவிட்டபடி சந்தில் நடந்தாள்.

வர்கீஸ் சேட்டனிடம் மெதுவாக உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அன்னு நேரே பறஞ்சிருந்தா, தலையில தொடாதேன்னு சொல்லியிருப்பேனே அண்ணாச்சி" என்றார். ரகசியம் காப்பாற்றுகிறேன் என்று பொய் சொன்னவனுக்கு, அந்தப் பொய்க்குப் பொருத்தமான யோசனைதானே கிடைக்கும்?

அந்தோணி இதையெல்லாம் கேட்டுவிட்டு, லோஷனோடு டாக்டரிடம் போவதாகச் சொல்லி எழுந்தார்.

இப்போதும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வர்கீஸ் சேட்டன் ஒரு சின்னக் குப்பி கொடுத்தனுப்புகிறார். அதன்மேல் அவரே எழுதி ஒட்டிய ஒரு சீட்டு இருக்கும்: 'கோழிக்கு மாத்திரம்.'