கள்ளுக்கடை மூலையில் எங்கள் நைனா

எங்கள் நைனா கள் குடித்தவர் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி பக்கம் வயசானவர்கள் யாராவது இன்றைக்கும் அந்தக் கள்ளுக்கடைப் பேயைப் பற்றிச் சிரித்துப் பேசினால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அவர்கள் சொல்கிற பேய் என் அப்பா.

மோர் கொஞ்சம் புளித்திருந்தாலும் தள்ளி வைத்துவிடுகிற மனிதர். பஸ்ஸில் குடித்தவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து, ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வருவார். அப்போது மதுவிலக்கு. குடிக்கிறவர்கள் ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருவார்கள். அப்படிக் குடித்துவிட்டு வந்த ஒருவன்தான், ஃபேக்டரி கட்டச் செங்கல் ஏற்றிய லாரியைக் கண்மண் தெரியாமல் ஓட்டிவந்து, புல்லுக்கட்டோடு சைக்கிளில் வந்த நைனாவை மெயின் ரோட்டு வேப்பமரத்தடியில் அடித்துப் போட்டான். அங்கேயே உயிர் போய்விட்டது. நான் எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். கழனியில் அம்மாவோடு குனிந்து நாற்று நட வேறு யார் இருக்கிறார்கள்?

கொஞ்ச நாளில் சர்க்கார் மதுவிலக்கை எடுத்தது. கள்ளுக்கடையை ஏலம் எடுத்த ஆள் கொட்டகை போட இடம் தேடினார். ஃபேக்டரி ஆட்கள் வேலை விட்டு வரும் வழியாக இருக்க வேண்டும், பஸ் நிற்க வேண்டும், நிழலும் வேண்டும். கடைசியில் அந்த வேப்பமரத்தடியையே பிடித்தார். நைனா விழுந்து கிடந்த இடத்தின் மேல் மூலை பெஞ்சு வந்தது. அம்மா போய்க் கேட்டதற்கு, "ரோட்டோரம் சர்க்காரு எடம்மா, உங்க ஊட்டு எடமா?" என்றார்.

பேய்க் கதை எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். மூலை பெஞ்சில் ஒருத்தர் காலடியில் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஒரு குடிகாரன் பார்த்தானாம். எதுவும் வாங்கவில்லையாம், எதுவும் பேசவில்லையாம். "கள்ளுக்கடையில வந்து குடிக்காம சும்மா குந்திக்கினு இருந்தா அது மனுசனா இருக்குமாடா?" என்று எல்லோருமாக முடிவு கட்டினார்கள். பேய் என்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த அத்தாட்சி அவ்வளவுதான்.

பிறகு ஒருவனுடைய மாடு காணாமல் போனது. அவன் மூலையில் ஒரு கிளாஸ் கள்ளை வைத்து, "அண்ணா, என் மாட்ட காட்டிக் குடுண்ணா" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். மறுநாள் மாடு தானாகத் திரும்பி வந்தது. மாடு பசித்தால் வீட்டுக்கு வராதா? அதை யார் கேட்கிறார்கள்! அன்றிலிருந்து மூலை பெஞ்சு கோயிலாகிவிட்டது. ஃபேக்டரியில் வாட்ச்மேன் வேலை கேட்டு ஒருவன் கிளாஸ் வைத்தான். கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டி திரும்பி வர ஒருவன் வைத்தான். அவள் வந்த பிறகு திரும்பிப் போவதற்கும் அவனே வைத்தான். மாமியார் வாயை அடைக்கக் கேட்டவனுக்கு உடனே பலித்தது, அந்த அம்மாவுக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கிவிட்டது. வேண்டிக்கொண்டவன் அந்தப் பக்கம் போனதும் கடைக்காரர் கிளாஸை எடுத்துப் பானையிலேயே ஊற்றிவிடுவார். ஒரே கள்ளை நைனா பேரைச் சொல்லித் திரும்பத் திரும்ப விற்றார்.

நான் அந்த வழியாகத்தான் கழனிக்குப் போக வேண்டும். "இன்னாமே, உங்க நைனாகிட்ட எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன். எனக்கு எதை எடுத்தாலும் கவலை. நைனா அங்கே இல்லையென்றால் இவர்கள் செத்த மனிதர் மேல் பழி போடுகிறார்கள். இருக்கிறார் என்றால், வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே, ஏன் எங்களிடம் வரவில்லை? மழை பெய்தால் அந்த மூலை ஒழுகுமே என்று வேறு யோசிப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

கவரைப்பேட்டைப் பக்கத்தில் எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை அழைப்பார்கள். வீட்டில் செத்துப்போனவர்களை ஏரிக்கரையில் பம்பை அடித்துக் கூப்பிட வேண்டும். வீட்டாள் ஒருவர் மேல் அவர்கள் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். பிறகு அவர்களைக் கலசத்தில் வீட்டுக்கு அழைத்து வந்து, படையல் போட்டு, அதற்கப்புறம்தான் தாலி. பெண்ணைப் பெற்ற அப்பாவே போய்விட்டார் என்றால் அவர் வராமல் ஒன்றும் நடக்காது.

நைனா வரவில்லை. ஏரிக்கரையில் பம்பைக்காரர் கை வலிக்க அடித்தார். அம்மா அழுது கூப்பிட்டாள். பெரியப்பா ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றதில் அவருக்குக் கால் மரத்துப்போனதுதான் மிச்சம். பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு, "இங்க கூப்ட்டா எப்டிம்மா வருவாரு? அவருதான் கடையில குந்திக்கினுகிறாரே. அங்க போயி கூப்புடணும்" என்றார். அவரும் அங்கே குடிக்கிறவர்தான்.

பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பொண்ணோட அப்பன் கள்ளுக்கடையில குந்திக்கினு இருக்கறச்ச என் புள்ள எப்டிம்மா தாலி கட்டுவான்? மொதல்ல அவர ஊட்டுக்கு இட்டுக்கினு வாங்க. அப்பால பேசலாம்."

மறுநாள் காலையில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்காரரிடம் போனாள். பம்பை வைத்துக் கூப்பிட இடம் கேட்டாள். அவர் பல் குத்திக்கொண்டே சிரித்தார்.

"அண்ணன இட்டுக்கினு போயிட்டா என் ஏவாரம் இன்னாம்மா ஆவறது? இந்த சீசன் போவட்டும்."

"செத்தவனுக்கு இன்னாய்யா சீசன்? என் பொண்ணு கல்யாணம் நிக்குது!"

"நான் இன்னா அவர பட்டினியா போட்டுட்டேன்? டெய்லி கள்ளு வெக்கிறேன். நீ வெச்சியா?"

எனக்கு அந்தப் பல்குச்சியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. கடைசியில் பெரியப்பா வந்து சத்தம் போட்ட பிறகு, "சாயங்காலம் கூட்டம் வரச்ச வெச்சிக்குங்க" என்று ஒத்துக்கொண்டார். கூட்டம் வந்தால் அவருக்கு லாபம்தானே.

சாயங்காலம் போனோம். பொம்பளைகள் கால் வைக்காத கொட்டகைக்குள் அம்மாவும் நானும் மஞ்சள் பூசிய கலசத்தோடு நுழைந்ததும் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சிலர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். ஒருவன் கிளாஸைப் பின்னால் மறைத்துக்கொண்டு மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மூலை பெஞ்சில் அன்றைக்கும் ஒரு கிளாஸ் வைத்திருந்தது. பம்பை ஆரம்பித்தது. "வாய்யா, ஊட்டுக்கு வாய்யா" என்று அம்மா கெஞ்சினாள். பெரியப்பா மறுபடியும் கண்ணை மூடினார்.

ஆட்டம் வந்தது. வந்தது எங்கள் ஆள் மேல் இல்லை. குடித்திருந்த ஒருவன் குதித்துக்கொண்டு நடுவில் வந்தான்.

"வந்துக்கிறது யாரு?" என்றார் பம்பைக்காரர்.

"நான்தான்டா! பொண்ண பெத்தவன்! தொண்ட வறண்டு கெடக்குது, ஒரு கிளாஸ் ஊத்துடா!"

"அண்ணன் கேக்கறாருடோய், ஊத்து ஊத்து!" என்று கொட்டகையே சிரித்தது.

அப்புறம் நான் செய்ததெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூலையிலிருந்த கிளாஸை எடுத்து அவன் முகத்தில் வீசினேன். பெஞ்சை உதைத்துத் தள்ளினேன். கொண்டை அவிழ்ந்து தலைமுடி முகத்தில் விழுந்தது. "எவன்டா குடிச்சான்? குடிச்ச நாயி லாரிய ஏத்திக் கொன்ன எடம்டா இது! இதுமேல குந்திக்கினு குடிக்கிறீங்களே, நீங்க சோறுதான் துன்றீங்களா?" என்று கத்தினேன். தொண்டை கட்டிப்போய் ஆம்பளைக் குரல் மாதிரி வந்தது.

"நைனா வந்துட்டாரு! பொண்ணு மேலயே வந்துட்டாரு!" என்று யாரோ கூவினார்கள். பம்பை வேகமெடுத்தது. குடிகாரர்கள் பொத்துப் பொத்தென்று என் காலில் விழுந்தார்கள். என் அப்பாவாக ஆடியவனே முதலில் விழுந்தான்.

எனக்கு அருள் வரவில்லை. கோபம் வந்தது. காலையில் பல் குத்திக்கொண்டு சிரித்த கடைக்காரர் இப்போது கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். நான் அதே பெண்தான். வாயைத் திறந்து இது வெறும் கோபம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே சிரித்திருப்பார்கள். பதினேழு வயசுப் பெண்ணின் கோபத்துக்கு அந்த ஊரில் ஒருவனும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டான். செத்த ஆம்பளையின் கோபம் என்றால் காலில் விழுவான். இதை எழுதுகிற இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

பம்பைக்காரர் சூடத்தை முகத்துக்கு நேரே காட்டினார். "வந்துக்கிறது யாரு சாமி?"

"நான்தான்" என்றேன். "இனிமே என் பேர சொல்லி எவன் கள்ளு வெச்சாலும் அவனுக்கு வயித்தால போவும். கடைய இங்கேர்ந்து தூக்கு. கல்யாணத்த நடத்துங்க. நான் ஊட்டுக்கு வரேன்."

அப்போதும் கீழே கிடந்த ஒருவன் தலையைத் தூக்கி, "அண்ணா, அந்த வாட்ச்மேன் வேல..." என்றான்.

"குடிய வுட்டுட்டு வந்து கேள்றா!"

பொய்தானே என்று கேட்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன பொய்யில் நைனா அங்கே மாட்டிக்கொண்டார், என் பொய்யில் வெளியே வந்தார். கடைக்காரர் வயிற்றுக்குப் பயந்து கொட்டகையைப் பிரித்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார்.

கலசத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். முன்னால் பம்பை, பின்னால் ஊர். கொட்டகைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டுக் கும்பிட்டார். அம்மா பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வந்தாள். ஊர் வாயையெல்லாம் ஒற்றை ஆளாக அடைத்துப் பார்த்தவள் அவள். "எம் புருசன் குடிக்கற ஆளில்ல" என்று சண்டை போடாத வீடு பாக்கி கிடையாது. எங்கள் தெரு முனை திரும்பும்போது என் காதருகே வாயைக் கொண்டுவந்தாள். யாருக்கும் கேட்காமல், கலசத்தில் இருக்கிற நைனாவிடம் கேட்டாள்.

"நெசத்த சொல்லுய்யா. அங்க குந்தி நீ குடிச்சியா?"

எனக்குக் காலே நின்றுவிட்டது. அத்தனை நாளும் வெளியில் சண்டை போட்டுவிட்டு வந்து, விளக்கை அணைத்தபின் இவள் இதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பாவிகள், அம்மா மனசுக்குள்ளும் ஒரு கொட்டகை போட்டுவிட்டார்கள்.

"இல்ல" என்றேன், நைனா குரலில்.

அம்மா கண்ணைத் துடைத்தாள். பிறகு பம்பைக்காரரைப் பார்த்துக் கத்தினாள்: "இன்னாய்யா தடவிக்கினு வர்ற? ஓங்கி அடி. என் புருசன் ஊட்டுக்கு வராரு!"