இடது பெடல்

தங்கையின் சைக்கிளிலிருந்து கழற்றிய இரண்டு பெடல்களையும் பழைய துண்டின் மேல் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் அத்திப்பட்டு வீட்டின் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவை சாதாரணப் பெடல்கள் அல்ல. ஒவ்வொரு காலும் எவ்வளவு வலுவாக மிதிக்கிறது என்று அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் பவர் மீட்டர் பெடல்கள். அவளுக்குச் சைக்கிள் பந்தயப் பயிற்சி தந்த மாஸ்டர் நம்பிக் கொடுத்தவை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கான தேர்வுப் போட்டிக்கு மூன்றே வாரம் இருந்தது. அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்த அப்பா இருமலோடு வீட்டில் படுத்துவிட்ட பிறகு, நாங்கள் எல்லோருமே அந்த வேலையைத்தான் மலைபோல் நம்பியிருந்தோம்.

இரண்டு மாதமாக இடது காலின் பங்கு குறைந்துகொண்டே வந்தது. நூற்றில் நாற்பத்தொன்பதாக இருந்தது, நாற்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதுதான் என் வேலை. அதனால் என்னிடம் வந்தாள்.

“பெடல்தான்க்கா பொய் சொல்லுது. நீ பாரு.”

பார்த்தேன். பேட்டரி மூடியைத் திறந்தால், வியர்வை உப்பு பட்டு உள்ளிருந்த தகடு லேசாகப் பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்துப் புது பேட்டரி போட்டேன். அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. மரையைத் துடைத்து கிரீஸ் தடவி, இரண்டு பக்கமும் ஒரே இறுக்கத்தில் பூட்டினேன். பாரம் இல்லாதபோது பூஜ்யம் காட்டும்படி திருத்தினேன். கடைசியாக, பிரேக்கைக் கட்டிவிட்டு, தண்ணீர் நிறைத்த ஒரே கேனை முதலில் வலது பெடலிலும் பிறகு இடது பெடலிலும் தொங்கவிட்டேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. மூன்று முறை மாற்றி மாற்றித் தொங்கவிட்டும் அதே எண்தான்.

பெடலில் ஒரு குறையும் இல்லை. குறை அவள் காலில் இருந்தது.

“பெடல்தானக்கா?” என்று அவள் கேட்டாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம். “ஆமா, உள்ள உப்பு பூத்துக்கினு இருந்துச்சு” என்றேன். அவள் குளிக்கப் போனதும் கைப்பேசிச் செயலியில் இடது பெடலின் திருத்தக் கணக்கைக் கூட்டி, மிதிப்பதைவிட அதிகமாகக் காட்டும்படி வைத்தேன். மறுநாள் நாற்பத்தெட்டு காட்டியது. அவள் சிரித்துக்கொண்டே வந்து தட்டை எடுத்து உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் எண் மறுபடி இறங்கியபோது, அவள் கேட்காமலே மறுபடியும் கூட்டினேன். போட்டி முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொழிற்சாலையில் தினமும் எத்தனையோ கருவிகளுக்கு ‘சரி’ என்று சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போடுகிறவள் நான்.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது பழவேற்காடு சாலையில் விழுந்தாள். நிறுத்தும்போது, பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூவை விடுவிக்க இடது பாதத்தைத் திருப்ப அவளால் முடியவில்லை. முதுகெலும்புக்குள் ஒரு கட்டி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. எத்தனை நாளாகக் காலில் பலம் குறைந்து வருகிறது என்று டாக்டர் கேட்டார். விழுந்ததிலிருந்துதான் என்று அவள் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பாதம் நன்றாகத் தேறியிருக்கும் என்றார் அவர். மாஸ்டரிடம் பெடல்களைத் திருப்பிக் கொடுக்கும் முன், திருத்தக் கணக்கைப் பழையபடி மாற்றி வைத்தேன். அப்போது ஒருவருக்கும் தெரியாது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு உயிருக்கு ஆபத்தில்லை. கணுக்காலில் பிளாஸ்டிக் பட்டை மாட்டித்தான் இன்றும் நடக்கிறாள். போன மாதம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, அன்றைக்குப் பெடலில் என்ன பார்த்தாய் என்று திடீரென்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த சட்டையை உதறிப் போட்டு, கிளிப் மாட்டினாள்.

“எனக்கும் தெரியும்க்கா. நடக்கச்சொல்ல இடது செருப்பு மட்டும் கழண்டு கழண்டு உழும். மாஸ்டரு போட்டியிலேர்ந்து பேரை எடுத்துடுவாருன்னு பயந்துக்கினு யாருகிட்டயும் சொல்லல. ஒண்ணுமில்லன்னு நீ சொல்லமாட்டியான்னுதான் உன்கிட்ட வந்தேன்.” பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “ஆனா நீ சொல்லியிருக்கணும்க்கா” என்றாள்.

காலி வாளியை எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள். வாளியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.