யானை வரும் என்று சொல்லாதவர்

டூர் அக்கா விளம்பரத் தாளை மேசைமேல் விரித்து, மேல்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார். யானைமேல் உட்கார்ந்து சிரிக்கிற புதுமணத் தம்பதி மறைந்துபோகிறார்கள். மிச்சம் நான்கு கால்கள். மூக்குக்கண்ணாடியை இறக்கி, அந்தக் கால்களை மட்டும் பார்க்கிறார். ஒரு காலில் வளையம் வளையமாகத் தழும்பு. தாள் குப்பைக்கூடைக்குப் போகிறது. "மேல பூரா சிரிப்பு, கீழ பூரா காயம். நம்ம ஆளுங்கள இங்கயா அனுப்புறது?"

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் அவர்களுடைய சுற்றுலா அலுவலகம். இரண்டு மேசை, ஒன்று அக்காவுக்கு, ஒன்று தம்பிக்கு. தம்பி பேசினால் வழிகேட்க வந்தவரும் டிக்கெட் எடுப்பார். அக்கா பேசினால் டிக்கெட் எடுத்தவரும் யோசிப்பார்.

தாளில் தேறிய இடத்துக்கு அடுத்தது தொலைபேசிப் பரீட்சை. கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அன்னிக்குப் பாத்து யானைக்கு மனசு சரியில்லன்னா என்ன பண்ணுவீங்க?" 'எங்க யானை சொன்னபடி கேக்கும் மேடம்' என்றால் டொக்கென்று வைத்துவிடுவார். 'அப்ப பாக்க முடியாது மேடம்' என்றால் முகம் மலர்ந்து, சாவகாசமாக ஊர் நிலவரமெல்லாம் விசாரிப்பார்.

அப்படித் தேறிய ஒரு காட்டுக்குத்தான் வங்கி மேலாளர் குடும்பத்தோடு போனார். அக்கா டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் தம்பி வாயை விட்டிருந்தார்: "யானை கண்டிப்பா வரும் சார், நான் கேரண்டி."

வரவில்லை. திரும்பி இரண்டு நாள் கழித்து மேலாளர் இவர்கள் அலுவலகத்துக்கு வந்தார். வங்கி ஊழியர்களின் சுற்றுலாவையும் இவர்களிடமே தருவதாகச் சொல்லியிருந்தவர் அவர். தம்பி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மேலாளர் உட்காரவில்லை.

"யானை பாத்தீங்களான்னு ஆபீஸ்ல கேக்குறவனுக்கெல்லாம் இதத்தாம்மா காட்டிட்டிருக்கேன்!" கைபேசியை நீட்டினார். ஈரச் சேற்றில் முறம் அகலத்துக்கு ஒரு காலடி. நடுவே அவர் மனைவியின் கை, முறத்தில் விழுந்த வெற்றிலை மாதிரி.

அக்கா படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "ஓரத்துல தண்ணி ஊறுது போலிருக்கே சார்?"

"ஆமா, அப்பத்தான் போயிருக்கு." மேலாளரின் குரல் தானாக இறங்கியது. "பக்கத்துல எங்கயோ கிளை முறியுற சத்தம். ஒருத்தரும் மூச்சு விடல. கைடு கைய காட்டினாரு, அப்படியே பின்னால நகர்ந்து வந்துட்டோம்." சட்டென்று கோபம் நினைவுக்கு வந்தது. "அதுக்காக? உங்க தம்பி கேரண்டின்னாரே!"

"அது எங்க தப்பு, சார். யானைக்காக வாக்குக் குடுக்க நாங்க யாரு? உங்க ஆபீஸ் டூருக்கும் இப்பவே சொல்லிடறேன். வந்தா வரும், வராமலும் போகும்."

மேசைக்கடியில் தம்பி அக்காவின் காலை மிதித்தார். "யோசிச்சு சொல்றேன்" என்றார் மேலாளர். அக்கா கேட்டதற்காக அந்தப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் போனார்.

அன்று மாலையே வாசல் கண்ணாடியில் தம்பி ஒட்டியிருந்த யானைச் சவாரிப் படத்தை அக்கா சுரண்டி எடுத்தார். அந்த இடத்தில், பெரிதாக அச்சிட்ட சேற்றுப் படம் ஏறியது.

"இருந்த டூரும் போச்சு. இந்தச் சேத்த ஒட்டினா எவன்க்கா உள்ள வருவான்?"

அக்கா நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, படத்திலிருந்த கையின்மேல் தன் கையை வைத்து, அந்தக் காலடியில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதென்று பார்த்துக்கொண்டு நின்றார்.