சார் சாவி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் ஹேமாவதி சாஃப்ட்வேர் பார்க்கிறாள். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். குரல் உயராது; சொன்ன சொல்லும் நகராது. அவள் வேலை நிரந்தரமாக வேண்டுமானால் பிளான்ட் மேனேஜர் பூவராகவன் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாதத்தோடு அவளுடைய புரொபேஷன் முடிகிறது.

எடைமேடைக்கு ஒன்று, கேட் பாஸுக்கு ஒன்று, சரக்கு இருப்புக்கு ஒன்று என்று பைத்தான் மொழியில் எழுதிய சின்னச் சின்ன சர்வீஸ் புரோகிராம்கள் அங்கே ஓடின. யாரும் எதற்குள்ளும் நேராக நுழைந்து தகவல் கேட்கலாம். சந்தைக்கடை தோற்றுவிடும். ஹேமாவதிதான் அவற்றுக்கு முன்னால் ஏபிஐ கேட்வே ஒன்றை வைத்தாள். எல்லோருக்கும் ஒரே வாசல். துறைக்கு ஒரு சாவி, அதாவது ஒரு ரகசியக் குறியீடு. ஒரு சாவிக்கு நிமிடத்தில் இத்தனை முறைதான் என்று வரம்பு.

அங்கேதான் ஒரு தப்பு செய்தாள். பெரியவர் ஆயிற்றே என்று பூவராகவன் அறையில் எல்லாக் கணக்கையும் காட்டும் சுவர் டிவிக்கு மட்டும் வரம்பே இல்லாத சாவி கொடுத்தாள். போதாதா? 'சார் சொன்னாரு' என்றால் திறக்காத கேட் இந்தப் பேட்டையில் எங்கே இருக்கிறது? ஒரே வாரத்தில் டிஸ்பேட்ச், ஸ்டோர்ஸ், கேன்டீன் டோக்கன் மெஷின் எல்லாமே சார் சாவியில்தான் ஓடின. தங்கள் சாவியைத் தொட ஆளில்லை.

திங்கட்கிழமை எடைமேடை சர்வீஸ் திணறிப் படுத்துவிட்டது. லாரிகள் ஹைவே வரை நின்றன. எடைமேடை ஆபரேட்டர் அன்புராஜ் ஓடிவந்தான்.

"இன்னாக்கா இது, ஒரு வண்டிக்கும் எடை வர்ல. டிரைவருங்க கத்திக்கினு இருக்கானுங்க."

பார்த்தால், வந்து மொய்ப்பதெல்லாம் சார் சாவி. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் வந்தது. லேப்டாப்போடு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், உங்க சாவிய நிறுத்தப் போறேன். மத்தவங்க மாதிரி அளவு வெச்சு வேற தர்றேன்."

"எனக்கே அளவா?" என்றார் பூவராகவன். "அந்தக் கேட்வேயத் தூக்கிக் கடாசு. அது இல்லாம இத்தினி நாள் ஓடலயா? உன் கன்ஃபர்மேஷன் என் கையில இருக்கு, ஞாபகம் வெச்சுக்க."

"எங்க ஏரியில பாடுன்னு ஒரு வழக்கம் சார். முறை வந்தவன்தான் வலை விரிப்பான். தலைவர் ஊட்டு வலையா இருந்தாலும் முறை வர்ற வரிக்கும் கரையிலதான் கெடக்கும். உங்களுக்காக முறைய ஒடைச்சது நான். நானே சரி பண்றேன்."

அவர் எதிரிலேயே சாவியை ரத்து செய்தாள். சுவர் டிவி வெறும் கட்டங்களோடு நின்றது. சார் பேரைச் சொல்லி நுழைந்ததெல்லாம் வாசலோடு திரும்பிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே, முதல் லாரி எடைமேடையில் ஏறி இறங்கியது.

பூவராகவன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டும் சொன்னார்: "ஆறு மாசம் புரொபேஷன் நீட்டிக்கிறேன். அப்பத்தான் உனக்குப் புத்தி வரும்."

ஹேமாவதி லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நீட்டுங்க சார். அந்த ஆறு மாசமும் வாசல்ல நான்தான் நிப்பேன். டிவி ஓடணும்னா சொல்லி அனுப்புங்க, டிஸ்பேட்சுக்குக் குடுத்த மாதிரி அளவு வெச்ச சாவி ஒண்ணு உங்களுக்கும் தர்றேன்."