குறையே சொல்லாத கண்

கண் பார்வை அளக்கும் ஆப்டோமெட்ரி படிப்பில் பட்டம் வாங்கியபின், கண் நோய்களும் கான்டாக்ட் லென்ஸும் தனியாகப் பயில வேண்டும் என்று கோயம்புத்தூர் கண் மருத்துவமனை ஒன்றில் ரெசிடென்ட்டாகச் சேர்ந்தேன். ரெசிடென்ட் என்று சொல்லிக்கொள்வதில் வீட்டாருக்கு ஒரே பெருமை. மருத்துவமனையில் அதற்கு, டீ ஆறியபிறகு குடிப்பவள் என்று அர்த்தம்.

எங்கள் பிழைப்பே நோயாளியின் வாயை நம்பித்தான். இரண்டு லென்ஸை மாற்றி மாற்றி வைத்து எது தெளிவு என்று கேட்போம். பாடப்புத்தகத்து நோயாளி பட்டென்று சொல்லிவிடுவார். அவர் நிச்சயமாகக் கொங்கு நாட்டுக்காரர் இல்லை.

"ஒண்ணாவது நல்லாத் தெரியுதுங்களா, ரெண்டாவதுங்களா?"

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்குதுங்க. உங்களுக்கு எது தோதோ அதையே போட்டுடுங்க."

நானும் சத்தியமங்கலத்துக்காரிதான். விருந்துக்குப் போன இடத்தில் பாயசம் அடிப்பிடித்திருந்தாலும் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கும் குடும்பம் எங்களுடையது. அதனால் இந்தப் பதிலில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் டாக்டரம்மாதான் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்போதுதான் அன்னூரிலிருந்து பள்ளிக்கூட வேன் டிரைவர் ஒருவர் மனைவியோடு வந்தார். கருவிழி மெலிந்து கூம்பு போல முன்னால் பிதுங்கிக்கொண்டே போகிற நோய், இரண்டு கண்ணிலும். எதிரே வரும் ஒரு விளக்கு நாலாகத் தெரிய ஆரம்பித்ததும், யாரும் சொல்லாமலே வேன் சாவியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். "புள்ளைங்க உசுருங்களே அம்மணி" என்றார். பள்ளி திறப்பதற்குள் பார்வை சரியாகாவிட்டால் அந்தச் சாவி வேறு ஆளுக்குப் போய்விடும். சாதாரணக் கண்ணாடி எதுவும் உதவவில்லை. கருவிழியைத் தொடாமல், வெள்ளை விழியின் மேல் உட்காரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் ஒன்றுதான் வழி. அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எப்படியாவது அவரை மறுபடி வேனில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே வந்துவிட்டது.

முதல் லென்ஸைப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்ணா, உறுத்துதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாருக்குதுங்க."

மதியம்வரை வராந்தாவில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். கழற்றிப் பார்த்தால், இறுக்கமான வளையலைக் கழற்றிய கை போல வெள்ளை விழியில் சிவப்பு வட்டம். எனக்குப் பகீரென்றது.

"வலிச்சிருக்குமேங்ணா, ஏன் சொல்லலீங்க?"

"நீங்க அத்தன பாடுபட்டுப் போட்டு உட்டீங்க. அதுல போயிக் கொறை சொன்னா நல்லாருக்குங்களா?"

"இவருகிட்டப் போயிக் கேக்கறீங்களே கண்ணு!" என்று மனைவி குறுக்கே வந்தார். "கொழம்புல உப்பே போடலைன்னாலும் நல்லாருக்குதும்பாரு. கல்யாணமாயி இத்தன வருசத்துல இவரு வாயில ஒரு கொறை வந்ததில்லீங்க."

அடுத்த லென்ஸுக்கும் அதே புன்னகை, அதே பதில். இந்த முறை பார்வை மங்கியதையும் மறைத்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக் கத்த யாரால் முடியும்? இப்படிக் குறையே தெரியாமல் இன்னொன்றும் வீணானால் அறுவை சிகிச்சைக்குத்தான் எழுத வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அறுவை என்றால் இந்த வருடம் வேனை மறந்துவிட வேண்டியதுதான்.

மூன்றாவதைப் போட்டதும் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

"இது என்ற வேலை இல்லீங்ணா. கம்பெனிக்காரங்க செஞ்சு அனுப்புனது. செஞ்சவரு மொகம்கூட எனக்குத் தெரியாதுங்க. தப்பு எங்கிருக்குதுன்னு கேட்டிருக்காங்க."

அவர் முகத்திலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

"அப்படீங்களா? அப்பச் சொல்றனுங்க. மூக்குப் பக்கம் ஓரம் கடிக்குதுங்க. மேல் எமை சிமிட்டறப்பத் தட்டுதுங்க. கொஞ்ச நேரத்துல பனி எறங்குனாப்பல ஆயிருதுங்க. அப்புறம் எழுத்துக்கெல்லாம் வாலு மொளைக்குதுங்க."

மனைவி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நான் மளமளவென்று எழுதினேன்.

"பாவமுங்க, அவரு மனசு நோகாம எழுதுங்க அம்மணி" என்று டிரைவர் முடித்தார்.

அந்தக் குறைகளையெல்லாம் வைத்து அளவுகளைத் திருத்தி அனுப்பினோம். பள்ளி திறக்கும் வாரத்தில் இரண்டு கண்ணுக்கும் புது லென்ஸ் வந்தது. முகத்தைக் கவிழ்க்கச் சொல்லி, லென்ஸில் உப்புநீர் நிரப்பி, குமிழி இல்லாமல் பொருத்தினேன். அன்றைக்கு "நல்லாருக்குதுங்களா" என்று கேட்பதில்லை என்று சத்தியமே செய்திருந்தேன். எழுத்துப் பலகையை மட்டும் கையால் காட்டினேன். வரிசை வரிசையாக இறங்கியவர், கடைசி வரிசையையும் படித்துவிட்டு, அங்கேயே உற்றுப் பார்த்தார்.

"அம்மணி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்ணா."

"அந்தக் கடேசி எழுத்துக்குக் கீழ, பலகையில மயிரிழையாட்ட ஒரு வெடிப்பு ஓடுதுங்க. மாத்தோணுமுங்க."

கிட்டே போய்ப் பார்த்தேன். வெடிப்பு இருந்தது. தினமும் அந்தப் பலகையின் எதிரே நிற்பவள் நான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டாக்டரம்மா வந்து பார்த்து, தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சு போங்க கண்ணு, இனி எங்கூட்டுல உப்புப் பாத்துத்தான் போடோணும்."